ஞாயிற்றுக்கிழமையை விற்றவர்

ரோச் ஒரு முடிவெடுத்தார். பதினாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவராக எடுத்த முதல் முடிவு அது. இதற்கு முந்தியதெல்லாம் விஜிலா எடுத்து இவர் கையில் கொடுத்தவை. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கீழவைப்பாருக்குப் போவதில்லை. தலையே போனாலும் போவதில்லை. இதை அவர் உரக்கவே சொன்னார். விஜிலா மீன்காரம்மாவிடம் பேரம் பேச வாசலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னார்.

கீழவைப்பாரில் இருப்பது விஜிலாவின் ஒரே அண்ணன் ஆன்டனி. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் தங்கம். வாய்தான் ஓயாது. ஞாயிறு பூசை முடிந்து பஸ் பிடித்து, பன்னிரண்டு மணிக்கு இவர்கள் போய் இறங்குவார்கள். இறங்கியதும் சூயஸ் கால்வாயில் இன்ஜின் நின்றுபோன கதையை மச்சான் ஆரம்பிப்பார். சோறு வரும், காப்பி வரும், அஞ்சு மணி பஸ்ஸும் வந்துவிடும். இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. அடுத்த ஞாயிறு முதலிலிருந்து தொடங்குவார். பதினாலு வருஷமாக அந்தக் கப்பல் அங்கேயேதான் நிற்கிறது.

போகாமல் இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை இருந்து பார்த்தார்கள். தங்கச்சியைப் பார்க்காமல் மனசு கேட்கவில்லை என்று மச்சான் பெட்டியோடு தூத்துக்குடிக்கே வந்து பதினோரு நாள் தங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

ஆகவே ரோச் போகவும் வேண்டும், போகாமல் இருக்கவும் வேண்டும். இந்த மாதிரிச் சிக்கலுக்குத்தான் காலப்பூதங்கள் இருக்கின்றன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முத்துச்சிப்பி கிடைக்கிற பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டு ஓரமாக வானத்திலிருந்து ஒரு கப்பல் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை, பூதங்கள்தான். உடம்பு கிடையாது. காலத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவை. உலகம் உண்டான நாள் முதல் அத்தனை நேரமும் அவற்றின் கையில் இருக்கிறது, உட்கார்ந்து அனுபவிக்கத்தான் உடம்பில்லை. டெல்லியிலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்துப் பேசினார்கள், விளக்கைக் காட்டிப் பேசினார்கள், கணக்குப் போட்டுப் பேசினார்கள். பூதங்கள் மூச்சுவிடவில்லை.

கடைசியில் சங்குத் தரகர் காசிலிங்கம் அண்ணாச்சிதான் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு நீட்டினார். முத்து வியாபாரிகள் காலங்காலமாகப் பேரம் பேசுகிற முறை அது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் அஞ்சு. துண்டுக்கு அடியில் சில்லென்று ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. விஞ்ஞானிகள் அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்கள்.

அன்றிலிருந்து துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய உப்புக் கிடங்கில் அண்ணாச்சி கடை போட்டிருக்கிறார். ஆதார் அட்டை காட்டி டோக்கன் வாங்க வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். உப்பளத்தில் அன்று வாரிய உப்பில் ஒரு கை தரையில் தூவி, கடலைப் பார்த்து உட்கார்ந்து, புதுத் துண்டுக்குள் கையை விட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பேரம் படிந்தால் மணிக்கட்டை மூன்று தடவை அமுக்க வேண்டும். அமுக்கியது அமுக்கியதுதான், கலெக்டரே வந்தாலும் மாற்ற முடியாது. தரகுக்கு அரைக் கிலோ முந்திரி மக்ரூன், தூத்துக்குடி பேக்கரிப் பலகாரம்.

வியாழக்கிழமை ரோச் அரைக் கிலோ மக்ரூனோடு போய் உட்கார்ந்தார். ஞாயிறு பகல் பன்னிரண்டிலிருந்து அஞ்சு வரை பூதத்துக்கு. அந்த நேரம் பூதம் இவர் உடம்பில் உட்கார்ந்துகொள்ளும், இவருக்கு ஒன்றும் தெரியாது. பதிலுக்கு வாரம் ஒரு நாள் சாயங்காலம், உலகமே அசையாமல் நிற்க, இவருக்கு மட்டும் கொஞ்ச நேரம், ஒரு விரலுக்கு ஒரு மணி. இவர் இரண்டு விரலைப் பிடித்துப் பார்த்தார். பூதம் அரை விரலைக் கிள்ளியது. இழுத்துப் பறித்து ஒரு விரலில் முடிந்தது. மணிக்கட்டை அமுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழவைப்பாரில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். கண்ணைச் சிமிட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வயிறு நிறைய மச்சான் வீட்டு நண்டு. காதில் ஒரு சொல் விழவில்லை. ரோச்சுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

கிடைத்த ஒரு மணி நேரத்தில் தூண்டிலோடு கடற்கரைக்குப் போனார். உலகம் அசையாமல் நின்றதில் மீனும் அசையாமல் நின்றது. அடுத்த வாரத்திலிருந்து பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

நாலாவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை மச்சான் போன் பண்ணினார். மாப்பிள்ளை மாதிரிக் கேள்வி கேட்க உலகத்தில் ஆள் இல்லை என்றார். கேட்ட கேள்வியில் உற்சாகம் வந்து, நேற்று இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியேவிட்டாராம். ரோச்சுக்குச் சுருக்கென்றது. பதினாலு வருஷம் காத்திருந்த இன்ஜின், இவர் இல்லாத நாளாகப் பார்த்து ஓடியிருக்கிறது.

போதாததற்கு மச்சான் ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். கடற்கரை. ரோச் குத்தவைத்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் தலை நிறைய மல்லிகைப்பூவோடு விஜிலா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ரோச் அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். விஜிலா இப்படிச் சிரித்து இவர் பார்த்தது கல்யாணமான புதிதில், இவர் உப்புப் பாத்திக்குள் வழுக்கி விழுந்தபோதுதான். அப்புறம் இவரும் விழவில்லை, அவளும் சிரிக்கவில்லை. தன் பெண்டாட்டியோடு தானே கடற்கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு வயிறெரியுமா? ரோச்சுக்கு எரிந்தது. நேராக அடுப்படிக்குப் போனார்.

"ஞாயித்துக்கிழம நான் எப்பிடி இருந்தேன்?" என்றார்.

"நல்லா இருந்தீய."

"நல்லான்னா?"

விஜிலா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீன் கழுவுனீய. பூ வாங்கித் தந்தீய. பேசும்போது போனப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தீய. மத்த நாளும் அப்பிடி இருந்தா என்ன கொறஞ்சி போவும்?"

அன்றைக்கே ஒரு கிலோ மக்ரூனோடு கிடங்குக்கு ஓடினார். துண்டுக்குள் கையை விட்டு, வாரா வாரம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார். பூதம் தட்டிவிட்டது. ஆபீஸ் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலை இவருக்கு. பூதம் ஒரு நிமிஷம் ருசி பார்த்துவிட்டுக் கையை உதறியது. ரோச் வாய் திறக்காமல் கண்ணீர் விட்டார்.

காசிலிங்கம் அண்ணாச்சிக்கு மனசு இளகியது. மக்ரூன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "ஏலே ரோச்சு, இதுக்கு ஒத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமைய விட்டுருதேன்னு சொல்லுது."

நாலே வரி. ஒன்று, ஞாயிறு தோறும் மீன் கழுவ வேண்டும். இரண்டு, பூ வாங்க வேண்டும். மூன்று, பெண்டாட்டி பேசும்போது மூஞ்சியைப் பார்க்க வேண்டும். நாலு, மச்சான் கதையைக் கடைசிவரை கேள்வி கேட்டுக் கேட்க வேண்டும். ஆயுசுக்கும்.

உடம்பில்லாத பூதத்துக்கு எழுதுகிற கை ஏது என்று ரோச் யோசிக்கவில்லை. மனசு மாறிவிடப் போகிறதே என்று மூன்றுக்கு நாலாக மணிக்கட்டை அமுக்கினார். பூதத்தையே ஏமாற்றி மீட்டுக்கொண்டு வந்துவிட்டதாக அவருக்கு வழியெல்லாம் சிரிப்பு.

அந்த ஞாயிறு கீழவைப்பாரில் அவரே, சொந்த உடம்போடு இறங்கினார். பூ வாங்கினார். மச்சானிடம் பதினேழு கேள்வி கேட்டார். ஓடத் தொடங்கிய கப்பல் இனி வீடு வந்து சேர வேண்டும், அதற்கு இன்னொரு பதினாலு வருஷம் ஆகும் போலிருந்தது. பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். நாலு மணிவாக்கில் கடற்கரையில் குத்தவைத்து மூன்று கிலோ சாளை மீனைக் கழுவினார். விஜிலா பக்கத்தில் உட்கார்ந்து இவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்த அதே சிரிப்பு. ரோச்சுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏளா விஜிலா, நாலு வாரமா இங்கன வந்தது நானில்ல. பூதத்துக்கு வித்துப்புட்டேன். தப்புதான். நீ சிரிக்கிறத வேற எவனோ உக்காந்து பாக்கான்னு தெரிஞ்சதும் என்னால தாங்க முடியல. இனிமே நான்தான் வருவேன். எத்தன மீனுன்னாலும் கழுவுதேன்."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக விஜிலா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அருமையாச் சொன்னீய, அண்ணாச்சி," என்றாள்.

ரோச் கையிலிருந்த சாளை நழுவி மணலில் விழுந்தது. பதினாலு வருஷத்தில் அவள் இவரை எத்தனையோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை.

"விஜிலா அக்கா, அந்தக் கெடங்குல கடை தொறந்த அன்னைக்கே ஞாயித்துக்கிழமைய எங்களுக்குக் குடுத்துட்டாவ. ஒண்ணாம் நம்பர் டோக்கன். அந்தக் கப்பல் கதைய மனுசி கேப்பாளான்னு கேட்டாவ. நாங்க கேப்போம், எங்களுக்கு நேரம் கெடக்கு."

"அப்போ அந்த போட்டோவுல..."

"சிரிச்சது நான். மீன் கழுவுனது எங்க சித்தப்பா."

"அந்த நாலு வரி?"

"அது அக்கா எழுதிக் குடுத்தது. ஞாயித்துக்கிழம நடந்ததெல்லாம் நாங்க அக்காட்டச் சொல்லிருவோம். மீன் கழுவி சித்தப்பா கையெல்லாம் முள்ளு, அவரும் இந்த வேலைய எப்ப விடலாம்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

ரோச் மூன்று கிலோ சாளையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தான் இவ்வளவு நேரம் உருகி உருகிச் சொன்னதெல்லாம் யாரிடம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதை விஜிலாவிடம் இன்னொரு தடவை சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது.

பூதம் அதைப் புரிந்துகொண்டது போல அவர் பக்கம் குனிந்து, மரியாதையாகச் சொன்னது: "அக்கா அஞ்சு மணி பஸ்ல ஏறுனதும் வந்துருவாவ. நீங்க மீனக் கழுவுங்க, சேதிய நான் சொல்லிருதேன்."