விசாரித்தது குற்றமாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட வகையில் உறவானவனும், இருபத்து மூன்று வருடமாகப் பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலுக்குள் குந்தியிருப்பவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் யாரையும் எதையும் கேட்கக் கூடாது என்று எனக்கு எழுத்து மூலமாக உத்தரவு வந்திருப்பதால், நீங்களாகவே பதிலை எழுதிவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு என்மீது விசாரணை. சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு விசாரணையில் துணையாக உட்கார்ந்து காப்பாற்றியவர் நீங்கள். ஓய்வு பெற்றவரும் துணைக்கு வரலாம் என்று விதியிலேயே இருக்கிறது, பார்த்துவிட்டேன். மதியம் உங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் நடத்துநர் இந்தக் கடிதத்தை வீட்டில் கொடுப்பார், அதே பஸ் திரும்பும்போது ஏறினால் இருட்டுவதற்குள் வந்து சேரலாம். தோற்றால் என்னை ஜன்னலிலிருந்து எடுத்துத் தொலைந்த பொருள்கள் அறையில் போட்டுவிடுவார்கள். அங்கே இருப்பது மூன்று குடை, ஒரு ஒற்றைச் செருப்பு, யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட். இதுகளோடு நான் என்ன பேசுவது? தலையே போனாலும் ஜன்னலை விடுவதாக இல்லை மச்சான்.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். இந்த ஊரில் ஆஸ்பத்திரி இரண்டு. பிரசவம், எலும்பு, மூட்டு எல்லாம் பழைய ஆஸ்பத்திரியில், அதற்கு ஐந்தாம் நம்பர். கண், பல், காது மற்றதெல்லாம் புது ஆஸ்பத்திரியில், அதற்குப் பதினொன்றாம் நம்பர். ஒன்று தெற்கே போகும், ஒன்று வடக்கே போகும். வருகிறவர்களோ மொட்டையாக, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்பார்கள். என்ன உடம்புக்கு என்று கேட்காமல் எந்த பஸ்ஸைச் சொல்வது? அதனால் கேட்பேன். கேட்ட வாய் சும்மா இருக்காமல், எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று மேலும் நாலு கேள்வி கேட்டுவிடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்டார். என்ன உடம்புக்கு என்றேன். அது உங்களுக்கு எதற்கு என்றார். சொன்னால்தான் பஸ் சொல்ல முடியும் என்றேன். மனுஷர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூச்சப்படுகிறார் பாவம், நாமே எடுத்துக்கொடுப்போம் என்று, பல்லா, காதா, மூட்டா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஜன்னல் கண்ணாடியில் இருப்பது ஒரு சின்ன ஓட்டை, கத்தினால்தான் வெளியே கேட்கும், அதனால் கத்தித்தான் சொன்னேன். மூலமா என்று கேட்டபோது அவர் முகம் செவேலென்று ஆகிவிட்டது. வரிசையில் இருந்த ஒரு அம்மா, அதற்குக் கைராசிக்கார டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று விலாசமே எழுதிக்கொடுத்துவிட்டார். இதற்குள் ஐந்தும் போய்விட்டது, பதினொன்றும் போய்விட்டது. அவர் எங்கள் கிளை மேலாளரின் மாமனாராம். அவரிடம் நான் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மறுநாளே மெமோ. பயணியைப் பொதுமக்கள் முன்னிலையில் குறுக்கு விசாரணை செய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது மச்சான். போலீஸ்காரர் கேட்டால் அது விசாரணை. வக்கீல் கேட்டால் குறுக்கு விசாரணை. மேலாளர் கேட்டால் விளக்கம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் துருவல். உங்கள் தாயார் கேட்பதற்கு இன்னும் சொல்லே கண்டுபிடிக்கவில்லை, தவறாக நினைக்க வேண்டாம். நான் கேட்டது இதில் எதிலும் சேராது. நான் கேட்டது வெறும் விசாரிப்பு. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைப் பார்த்தால் கேட்பதுதான். தலைக்கு மேலே விசாரணை என்று ஒரு முழத்துக்குப் பலகை மாட்டி வைத்துவிட்டு, கீழே இருக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு இரு என்றால் என்ன அர்த்தம்?

விடவில்லை. நாற்பத்தொரு பக்கத்துக்கு விளக்கம் கொடுத்தேன். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். விளக்கம் கேட்டால் எதிர்க்கேள்வி கேட்கிறார் என்று அதற்கு இரண்டாவது மெமோ வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும், பயணிகளைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு தாளைக் கண்ணாடியில் என் பக்கமாகவே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வாரமாக, ஆஸ்பத்திரிக்கு என்று யார் கேட்டாலும், ஐந்தும் போகும் பதினொன்றும் போகும் என்கிறேன். முந்தாநாள் கன்னம் வீங்கிய ஒருவர் பிரசவ வார்டு வாசலில் போய் இறங்கி, யாருக்குப் பிரசவம் என்று அங்கே நாலு பேர் கேட்டு, இங்கே திரும்பி வந்து என்னைத் திட்டினார். நமக்குச் சாட்சி டீக்கடைக்காரர்தான். ஆனால் ஒத்திகையில், இவர் எல்லாரையும் நோண்டி நோண்டிக் கேட்பார், ரொம்ப நல்ல மனுஷர் என்கிறார். அவரை நீங்கள்தான் வந்து திருத்த வேண்டும்.

வீட்டிலும் எனக்கு வேறு பேச்சு இல்லை. சாயந்திரம் போனதும் உங்கள் தங்கையை விசாரணை அதிகாரியாக நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முன்னால் நின்று ஒரு மணி நேரம் வாதாடுகிறேன். சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல பொறுமைசாலி, உங்கள் வளர்ப்பு.

வயதில் மூத்தவர் நீங்கள். உங்கள் ஆசியைத் தபாலில் அனுப்பாமல் பஸ் ஏறி நேரில் கொண்டுவரவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் அன்பும் குறைவில்லாமல் சேரட்டும். உயிர் உள்ளவரை ஜன்னலை விடாத,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: நடத்துநர் அவசரப்படுத்துகிறார், இருந்தாலும் இதை எழுதிவிடுகிறேன். சற்று முன் தலையைக் குனிந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று ஒரு குரல். உத்தரவுப்படி, பதினொன்று என்றேன். காலையில் முதல் பஸ் எப்போது என்று கேட்டது. ஏழு மணி என்றேன். "உள்ள வரைக்கும் போகுமா, இல்ல ரோட்டைத் தாண்டணுமா? வலது பக்கம் வர்ற வண்டி எனக்குத் தெரியாது" என்றது. அப்போதுதான் நிமிர்ந்தேன். உங்கள் தங்கை. நாலு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று வந்திருக்கிறாள்.

ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாக வலது கண் மங்கலாம். அந்த நாற்பத்தொரு பக்கத்தையும் அழகாக நகல் எடுத்துக்கொடுத்தது அவள்தான் மச்சான். வரி கோணுகிறது என்று இரண்டு தரம் திரும்ப எழுதவைத்தேன். வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"வீட்ல நீங்க கேக்கலயே. இங்க வந்து நின்னா யாரா இருந்தாலும் கேப்பீங்கல்ல, அதான் வந்தேன்" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு நான் விசாரணைக்குப் போகப்போவதில்லை. அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொள்ளட்டும், குடைகளோடு இருந்துகொள்கிறேன். நீங்கள் அவசியம் வாருங்கள், ஆனால் நிலைய அலுவலகத்துக்கு வேண்டாம், நேராகப் புது ஆஸ்பத்திரிக்கு, கண் பார்க்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். பதினொன்றாம் நம்பர். உள்ளே வரைக்கும் போகும்.