அப்பாவுக்குக் கொடுத்த அட்வான்ஸ்

கருத்துகள் உள்ள ஆணுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். எல்லா விஷயத்திலும் கருத்துகள் உள்ள ஆணுக்கு அதைவிடக் கஷ்டம். இருபத்தொன்பது வயதில் நான் இரண்டாவது ரகம்.

மென்பொருள் என்றால் எல்லோருக்கும் பொதுவாக, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லும்போதே என் குரல் லேசாகத் தழுதழுக்கும். புதிதாக ஒரு போன் வாங்கி, கம்பெனிக்காரன் அதில் போட்டுக் கொடுத்ததையெல்லாம் துடைத்துவிட்டு, தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய ஒன்றை ஏற்றினேன். அதன் பிறகு கேமரா வேலை செய்யவில்லை. யாராவது கூப்பிட்டால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. (என்னைத் தெரிந்தவர்கள் இதை ஒரு வசதியாகவே கருதினார்கள்.) ஊரே வைத்திருக்கும் மெசேஜ் ஆப் என்னிடம் கிடையாது. என்னோடு பேச விரும்புகிறவர்கள் நான் சொல்லும் ஆப்பை இறக்கிக்கொள்ளலாம் என்று குடும்பத்தாருக்கு அறிவித்தேன். அம்மா மட்டும் இறக்கினாள். பிறகு அவளும், மாடிப்படியடியில் நின்று 'சாப்பிட வாடா' என்று கத்துவதே சுலபம் என்று கண்டுகொண்டாள்.

வரி விஷயத்தில் இன்னும் மோசம். சம்பளம் வாங்கினால் வரி, செலவழித்தால் வரி, பிஸ்கட்டுக்கு வரி, அதைத் தோய்க்கிற டீத்தூளுக்கு வரி. இத்தனையும் கட்டிவிட்டு வாசலுக்கு வந்தால் திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டியபடியே கிடக்கிறது என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் புலம்புவேன். இவ்வளவு நியாயம் பேசியவன் அந்த வருஷம் கொஞ்சம் வரியை மிச்சம் பிடிக்கப் போய் என்ன ஆனான் என்பதுதான் விஷயம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரன் பாபு. பழைய அம்பத்தூர்க்காரன். என் சம்பளச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"இன்னா மச்சான், இம்மாம் வரி புட்ச்சிகினு கீறான்? ஊடு உங்க நைனா பேர்ல தான கீது? அவருக்கு மாசா மாசம் வாடகை குடுக்கறேன்னு ரசீது வாங்கிக் குடு. மேட்டரு ஓவர்."

"நிஜமா வாடகை குடுக்கணுமா?"

"ரசீது குடுக்கணும்டா. வாடகைய எவன் குடுக்கறான்?"

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போனேன். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து இல்லாமல் ஒரு வாஷர்கூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. அதை எங்களுக்கு வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

"வாடகை வாங்காம ரசீது எப்படிடா குடுக்கறது?" என்றார்.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்ப்பா."

"சும்மா கையெழுத்துன்னு ஒண்ணு கிடையாது. ரசீது வேணும்னா வாடகை குடு. வாடகை குடுக்கணும்னா அக்ரிமென்ட் போடு. எனக்கு அதுல என்ன வரி வருதோ நான் காட்டிக் கட்டிக்கறேன்."

யோசித்துப் பார்த்தேன். அப்படியே கொடுத்தாலும் பணம் வீட்டுக்குள்தான் இருக்கும், எனக்கு வரி குறையும். சரி என்றேன். அப்பா கணக்கெழுத எடுத்த பேனாவை மூடவில்லை.

"அட்வான்ஸ்?"

"அப்பா."

"மெட்ராஸ்ல பத்து மாசம் வாங்கறாங்க. நீ என் புள்ளைங்கறதால மூணு மாசம் போதும்."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "சாப்பாடு வாடகைல சேர்த்தியா, தனியா?" என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். அப்பா நிஜமாகவே யோசித்து, "அதை அக்ரிமென்ட்ல கொண்டார வேணாம். உன் இஷ்டத்துக்கு விட்டுடறேன்" என்றார்.

ஒப்பந்தத்தை நானே டைப் செய்கிறேன் என்று முன்வந்தேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் தொடாமல், சுதந்திரமான மென்பொருளில், சுதந்திரமான எழுத்துருவில் அடித்து, பென் டிரைவில் போட்டு, அப்பாவோடு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். "இன்னா சார் இது, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா கீது" என்றார். அவருக்கு ஓப்பன் பார்மட் என்றால் என்ன, அதை ஆதரிப்பது அவர் கடமை ஏன் என்பதை விளக்கினேன். பின்னால் ஆதார் ஜெராக்ஸுக்காக நின்றிருந்தவர்களில் ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அப்பா என் கையிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நேராகப் பத்திரம் எழுதுகிறவரிடம் போனார். மாடியில் முன்பு குடியிருந்த ஒருவரோடு போட்ட பழைய ஒப்பந்தத்தைக் கொடுத்து, பேரை மட்டும் மாற்றி நாலு பக்கம் அடித்து வாங்கி வந்தார்.

நான் அப்போது மாடியில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ அப்டேட் பாதியில் நின்று, திரை கறுத்துப் போயிருந்தது. அப்பா காகிதங்களை மேஜையில் வைத்து, "நிதானமா படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றார். "நம்ம வீட்டுக்குள்ள என்னப்பா படிக்கறது" என்று நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆக, முறைப்படி நான் எங்கள் வீட்டு மாடியின் வாடகைதாரன் ஆனேன்.

பாபுவுக்கு இதெல்லாம் ஒரு காகிதம். அப்பாவுக்கு அப்படி இல்லை. ஒன்றாம் தேதியானால் மாடியேறி வந்து கதவைத் தட்டுவார். (அதுவரை தட்டியதே கிடையாது.) வாடகை வந்து சேரும்வரை 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார். சுவரில் நான் அடித்த ஒரு ஆணியைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை, நான் வாடகை கொடுத்த மறுநாளே ஆள் கூட்டிவந்து மாற்றினார். ஓனர் செய்ய வேண்டியது என்றார்.

இந்த நிலையில்தான் நிவேதாவின் வரன் வந்தது. சென்னீர்குப்பத்துப் பெண். பூந்தமல்லியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். பூந்தமல்லியில் ஒரு ஓட்டலில் இரண்டு குடும்பமும் சந்தித்தோம். எங்களை மட்டும் தனி மேஜையில் உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் வந்த தோசை ஆறிக் காய்ந்து போகும்வரை அவளுக்கு ஓப்பன் சோர்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க ஆபீஸ்ல இதுலதான் வேலை செய்றீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, அங்க கம்பெனி சாப்ட்வேர். அது பொழப்பு."

சிரித்தாள். அதற்கு முன் பார்த்த பெண்கள் இந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவள் சிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகம் தாங்காமல், "போன்ல ஐ அக்ரீன்னு வருதே, அதைப் படிக்காம அமுக்கறவங்கதான் இந்தக் காலத்து அடிமைங்க" என்றேன்.

"நீங்க எல்லாத்தையும் படிப்பீங்களா?"

"ஒரு எழுத்து விடாம."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இந்தப் பெண்தான் என்று சொல்லிவிட்டேன். இது கைகூடாவிட்டால் இனி யாரையும் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னேன். இரண்டாவது செய்தியைக் கேட்டதும் அம்மா உடனே புரோக்கருக்குப் போன் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. புரோக்கர் அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: சொந்த வீடு, ஒரே பையன்.

மூன்று பேரும் வந்தார்கள். தாய்மாமா நிலபுலன் உள்ளவர், மனை வாங்கி விற்கிறவர். வீட்டை மனையாகவே பார்த்தார். கிணற்றடி, போர், மாடிப்படி எல்லாம் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டார்.

"மேல ரெண்டு ரூமும் காத்தோட்டமா கீது. கண்ணாலத்துக்கு அப்பால புள்ளைங்க மேலதான இருக்கும்?" என்று அப்பாவைக் கேட்டார்.

எந்த அப்பாவாக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார். என் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு அக்ரிமென்ட் பாக்கணுங்க."

"இன்னா அக்ரிமென்ட்டு?"

"மாடிய வாடகைக்கு விட்டிருக்கேன்."

"யாருக்கு?"

அப்பா என்னைக் காட்டினார். "இவருக்கு."

அம்மா முறுக்குத் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் இன்னொரு முறை நீட்டினாள். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் அப்பா உள்ளே போய் பைலைக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். "வாடகைதாரர் தாம் ஒருவர் மட்டுமே மேற்படி மாடிப் பகுதியில் குடியிருக்க வேண்டியது. வேறு எவரையும் உடன் தங்கவைப்பதாயின் உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் பெற வேண்டியது. தவறினால் காலி செய்து கொடுக்க வேண்டியது."

படித்துவிட்டு, நல்லெண்ணத்தோடு விளக்கமும் சொன்னார். "சம்மதம் குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. கேட்டா குடுப்பேன். இவர் இன்னும் கேக்கல."

தாய்மாமா என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஊடு சொந்தம்னு புரோக்கரு சொன்னானே?"

"சொந்தம்தாங்க. எனக்கு."

இதற்கு மேல் விட்டால் கையை மீறிவிடும் என்று நான் குறுக்கே புகுந்தேன். "மாமா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா டாக்ஸுக்காகப் போட்டது."

"சும்மாவா?" என்றார் அப்பா.

"அப்போ பொய் அக்ரிமென்ட்டா தம்பி இது?" என்றார் தாய்மாமா.

நான் மாட்டிக்கொண்ட இடம் அது. ஒப்பந்தம் மெய் என்றால் நான் சொந்த வீடில்லாதவன், கல்யாணம் செய்தால் பெண்டாட்டியைத் தங்கவைக்கக்கூட உரிமையில்லாதவன். பொய் என்றால் அரசாங்கத்தை ஏமாற்றுகிறவன். அதையும் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிற பெண்ணின் எதிரில் சொல்ல வேண்டும். இந்த மாதிரி சமயத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொள்வான். நான், "இந்த நாட்டுல மாச சம்பளக்காரன் நிலைமை என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். பிஸ்கட்வரை வந்துவிட்டேன்.

"தம்பி, நான் கேட்டது ஊட்டப் பத்தி" என்றார் தாய்மாமா.

இதற்குள் நிவேதா அப்பாவின் கையிலிருந்து அந்தக் காகிதங்களை வாங்கியிருந்தாள். நாலு பக்கத்தையும் வரிசையாகப் படித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் படித்து முடிக்கக் காத்திருந்தோம். 

"இதுல உங்க கையெழுத்து இருக்கு," என்றாள் என்னிடம். "படிச்சீங்களா?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறுக்கைப் பார்த்தாள்.

"படிக்கல."

"ஒரு எழுத்துகூடவா?"

"என் பேர் எங்க இருக்குன்னு பாத்தேன். அதுக்குக் கீழ போட்டேன்."

அவள் இந்த முறை சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது இரண்டு மடங்காயிற்று. அந்த நாலு பக்கத்தையும் அவர் மெய் என்று நம்பி நடந்துகொண்டிருந்தார். நான் ஊரார் முன்னால் அதைச் சும்மா என்று சொல்லிவிட்டேன். மனுஷர் நிஜமாகவே நொந்து போயிருந்தார். இதெல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் பெண் எழுந்து போய்விடப் போகிறாளே என்ற பயம் எனக்கு.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "இந்த வாடகைய உங்க ரிட்டர்ன்ல காட்டறீங்களா அங்கிள்?"

"ஜூலையிலேயே காட்டியாச்சும்மா. காப்பி கொண்டாரட்டுமா?"

"வேணாம் அங்கிள்." காகிதங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். "மாமா, எங்க ஆபீசுக்கு அப்பா பேர்ல, மாமியார் பேர்ல ரசீது எடுத்துட்டு வர்றவங்க எத்தனையோ பேர். ஓனருக்கு போன் போட்டா, எந்த வாடகைன்னு நம்மளையே கேப்பாங்க. வாடகைய வாங்கி, அதுக்கு வரியும் கட்டற அப்பாவ இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அத்த வுடும்மா. மாப்ள எப்படி, அத்த சொல்லு."

என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "ஓனரைப் பிடிச்சிருக்கு. இவரைப் பத்தி யோசிக்கணும்" என்றாள். அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அன்று முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உரிமையாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, எனக்குத் திருமணம் ஆகும் பட்சத்தில் மனைவியை உடன் தங்கவைத்துக்கொள்ளச் சம்மதம் தருமாறு கேட்டும், முந்தைய நாள் சொன்ன 'சும்மா' என்ற சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தும் எழுதிக் கொடுத்தேன். அப்பா முழுவதையும் படித்தார். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டுக் கொடுத்த பிறகு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து தாய்மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். பெண்ணுக்குச் சம்மதம், ஒரே ஒரு கண்டிஷன். ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி, வாடகைதாரர் என்ற இடத்தில் அவள் பேரைப் போட வேண்டும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் பேரில் இருப்பதுதான் நல்லது என்றாளாம். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கல்யாணமான மாதமே புது ஒப்பந்தத்தை அடித்துவிட்டார்கள். மாமனாரும் மருமகளும் உட்கார்ந்து ஒவ்வொரு ஷரத்தாகப் பேசி முடித்தார்கள். எனக்கென்று ஒன்று சேர்த்திருந்தார்கள்: 'வாடகைதாரர் தம் விருப்பத்தின்பேரில் தம் கணவரை உடன் தங்கவைத்துக்கொள்ளலாம்.' இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். என் கையெழுத்துக்குத்தான் அதில் இடம் இல்லை.

சென்னீர்குப்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் தாய்மாமா என்னைப் புதியவர்களிடம் இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "நம்ம பொண்ணு வாடகைக்கு கீற ஊட்ல, இவரு கூடத் தங்கிகினு கீறாரு." சாப்பாட்டுப் பந்தியில் அந்த வரிசை முழுக்க இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்க்கும்.

இப்போது புதிய வரி முறைக்கு மாறிவிட்டோம். வாடகை காட்டினாலும் காட்டாவிட்டாலும் யாருக்கும் பைசா லாபமில்லை. இதை விளக்கி, இனி எதற்கு இந்த ஒப்பந்தமெல்லாம், முடித்துக்கொள்ளலாமே என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். அதை டெனன்டிடம்தான் கேட்க வேண்டும், உன்னிடம் நான் பேச முடியாது என்றார். மாடிக்கு வந்து நிவேதாவிடம் கேட்டேன்.

"குழாய் சொட்டினா அன்னிக்கே ஆள் வருது. இப்படி ஒரு ஓனர் எங்க கிடைப்பார்?" என்றாள். "காலி பண்றதா இருந்தா நீங்க பண்ணுங்க. நான் இருக்கேன்."