வாயில்லாத இருபத்தொன்றாவது

இனி மனைவியிடம் தோற்பதில்லை என்று சொட்டு சார் முடிவெடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை. அதனால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவர் கல்லூரி விலங்கியல் கூடத்தில் உதவியாளர். ஒரு சொட்டுக் குளத்து நீரை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு எப்போதும் குனிந்திருப்பதால் அந்தப் பெயர். தலையில் சொட்டை விழுந்த பிறகு பெயருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். அவளுக்குத் தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு வந்திருந்தது, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு. திங்கட்கிழமைக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும்.

“நீங்களும் மனசார ஒத்துக்கணும். இல்லேன்னா வேண்டாம்னு எழுதிடறேன்” என்று சொல்லியிருந்தாள்.

சாருக்குக் குளத்தை விட்டுப் போக மனமில்லை. அதைச் சொல்ல ஒரு கௌரவமான காரணமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காரணம் நீந்தி வந்தது. மழையில்லாமல் பாதி வற்றிக் கிடந்த கல்லூரிக் குளத்தில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றின் தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோலத் தெரியும். பதினெட்டு வருடத்தில் இருபது இனங்களைப் பிரித்து, எண் போட்டு வரைந்திருந்தார். இது எதிலும் சேரவில்லை. மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவு. வாய் இல்லை. குடல் இல்லை. ஆனால் நீருக்குள் பறந்தது.

இருபத்தொன்று! புது இனம்! கண்டுபிடித்த ஆள் அந்தக் குளத்தை விட்டு எப்படிப் போக முடியும்?

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் நுண்ணோக்கியை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“இந்தா பாரு, புது உயிரினம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்கு உன் பேரைத்தான் வைக்கப்போறேன்.”

“என் பேரையா? ஏன், உங்க பேருக்கு என்ன?”

“சொந்தப் பேரை வச்சுக்கறது எங்க துறையில மரியாதை இல்ல.”

“ஓஹோ, மிச்சம் இருந்தது என் பேருதானா!”

“சேச்சே, அன்புதான்...”

“ஊரு மாத்தற பேச்சு வந்ததும் அன்பு ஊத்தெடுக்குதே. நகருங்க, பார்க்கறேன்.” குழந்தைக்கு எடை பார்க்கும் முகத்தோடு குனிந்தாள். “இது என்ன சாப்பிடும்?”

“சாப்பிடாது. வாயே இல்ல.”

“வாயில்லாப் பூச்சியா? அந்த இனத்தை நான் கல்யாணத்தன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேனே. வயிறு?”

“அதுவும் இல்ல. அதான் அதிசயம்!”

“வாயும் இல்ல, வயிறும் இல்ல, ஆனா ஒரே ஓட்டம். சரி, ஆணா பொண்ணா?”

சார் தன் படக் குறிப்பேட்டைப் புரட்டினார்.

“அத... பார்க்கல.”

“பார்க்கலையா! எங்க வார்டில குழந்தை பிறந்ததும் முதல்ல எழுதறதே அதைத்தாங்க. பேரு கடைசிக் கட்டம். நீங்க கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க.”

ரோட்டிஃபரில் ஆண் உண்டு என்பதை அவர் படித்திருந்தார். பார்த்ததில்லை. பதினெட்டு வருடமும் பார்த்ததெல்லாம் பெண்தான். பெண் பெண்ணைப் பெறும், அது இன்னொரு பெண்ணைப் பெறும். ஆண் என்பது பாடப் புத்தகத்தில் இரண்டு வரி.

“இங்க பாருங்க” என்றாள் மனைவி, கண்ணை எடுக்காமலே. “இவ ஒரே ஒரு பெரிய முட்டையைச் சுமக்கறா. பக்கத்துல இருக்கறவ சின்னச் சின்னதா அஞ்சு வச்சிருக்கா. ரெண்டு தாயையும் தனித்தனியா வைங்க. குழந்தை மாறிடக்கூடாது.”

இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன முட்டை ஒன்று உடைந்தது. வாயில்லாதது வெளியே வந்தது. தாய் வேறு யாருமில்லை, குளத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும் ஏழாம் எண்.

சார் ஏழாம் எண் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவசரப்பட்டு ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தால், ஏழாம் எண்ணின் மகனுக்குப் புது இனம் என்று பட்டம் கட்டியிருப்பார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை நாள் பெண்களாகவே பார்த்த ஒரு குடும்பத்தில் முதல் ஆண் குழந்தை. திங்கட்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

“இது ஏன் இப்ப வந்துச்சு தெரியுமா?” என்று எழுந்து நின்றார். “குளம் வத்தி நெரிசலாயிடுச்சு. நல்ல காலத்துல பொண்ணுங்களே எல்லாத்தையும் பார்த்துக்கும். இருக்கிற இடம் போதாதுன்னு ஆனாத்தான் ஆணைப் பெத்துக்கும். அவன் சேர்ந்தா முட்டைக்கு ஓடு தடிக்கும். காஞ்சாலும் சாகாது. காத்துல பறந்து வேற குளத்துக்குப் போய் அங்க பிழைச்சுக்கும்!”

மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு கவனமாகக் கேட்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“அப்ப இடம் மாறணும்னா ஆம்பளையோட ஒத்துழைப்பு வேணும்?”

“கட்டாயம்!”

“அவன் மாட்டேன்னு அடம் பிடிச்சா?”

“அவன் பிறந்ததே அதுக்குத்தான். அடம் பிடிக்கறதாவது!” என்றார் சார், பெருமையாக.

“அப்ப அலமாரி மேல இருக்கிற பெட்டிய இறக்குங்க” என்றாள் மனைவி.