மைனஸ் பதினேழு மீட்டர் தென்னை

புதுப் பாடத்திட்டம் வந்தால் மாணவர்கள்தான் குழம்பிப் போவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிடையாது. அவர்களுக்குப் பழையது என்னவென்றே தெரியாது, பிறகு எதை வைத்துக் குழம்புவது? குழம்புவது முழுக்க முழுக்க வாத்தியார்கள்தான். அந்த விஷயத்தில் நான் மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்க வேண்டியவள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு மிஸ்ஸாக இருந்தேன். பத்தாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தது. அதுவரை பத்தாவதுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், மூடினார், மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லி வேலையை விட்டுவிட்டார். (மகன் எதிர்த் தெருவில்தான் இருக்கிறார்.) பத்தாவது என் தலையில் விழுந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் பள்ளியில் பத்தாவது எடுக்கிற மிஸ்ஸுக்கு இருக்கிற மரியாதையே தனி. பஸ் கண்டக்டர்கூட உட்கார இடம் பார்த்துக் கொடுப்பார்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அவர் தமிழாசிரியர், மிக மிகத் தன்மையான மனிதர்.

"அரையாண்டுல புள்ளைங்க நல்லா வந்துட்டாங்கன்னா பத்தாவது உங்களுக்கேதானுங்க மிஸ். இல்லீன்னா பாத்துக்கலாம்ங்க."

'பாத்துக்கலாம்ங்க' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திரும்பவும் ஆறாவது.

முன்பெல்லாம் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். எதையெதை விட்டாலும் பாஸ் ஆகலாம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இப்போது அது கிடையாது, புத்தகத்துக்குள் எங்கிருந்தும் கேட்பார்களாம். புத்தகத்திலேயே இல்லாத சொந்தக் கணக்கும் வருமாம், அதுவும் கட்டாய வினாவாக. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு மாதிரி வினாத்தாள் வரும். மறுநாள் அது போலி என்று ஒரு தகவல் வரும். அதற்கடுத்த நாள் அந்தத் தகவல்தான் போலி என்று இன்னொன்று வரும். நான் மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

அரையாண்டு வினாத்தாளை நானே தயாரித்தேன். கட்டாய வினாவுக்கு வாழ்க்கையோடு ஒட்டிய சொந்தக் கணக்கு வேண்டுமே, தென்னை மரத்தைப் பிடித்தேன். ஒரு விவசாயி தரையில் ஓரிடத்தில் நின்று தென்னையின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறார், ஏற்றக்கோணம் 60 டிகிரி. அங்கிருந்து மேலும் 20 மீட்டர் மரத்தை விட்டு விலகிச் செல்கிறார், இப்போது கோணம் 30 டிகிரி. மரத்தின் உயரம் என்ன? போட்டுப் பார்த்தால் பதினேழு மீட்டர் சொச்சம். விடைக்குறிப்பும் எழுதி வைத்துவிட்டு, எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் தாளைப் படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"ஏனுங் மிஸ், கட்டாய வினாவுல 'விலகிச் செல்கிறார்'னு இருக்குதுங்களே. புள்ளைங்க பெரிய பரீட்சைக்குப் போற வருசம், மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க. ஊட்ட விட்டுக் கெளம்பறப்பவே நாம வாரேன்னுதானுங்களே சொல்றோம்? இவரும் மரத்தை நோக்கி வரட்டும்ங்க. வந்தா என்னங்க ஆயிரப்போவுது?"

கணக்கு டீச்சர் என்று சம்பளம் வாங்குகிற யாரும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்றேன். 'விலகிச் செல்கிறார்' என்பதை அடித்துவிட்டு 'நோக்கி வருகிறார்' என்று எழுதினேன். கோணங்களைத் தொடவே இல்லை.

பரீட்சையன்று அறையில் ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை. மேற்பார்வைக்குப் போன சமூக அறிவியல் சார் வந்து, "புள்ளைங்க கடைசியில ரொம்ப நேரம் கூரையப் பாத்துட்டு, அப்பறம் தரையப் பாத்துட்டு இருந்தாங்க மிஸ்" என்றார். ஆழமாகச் சிந்திக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் மரத்தின் உயரம் மைனஸ் பதினேழு மீட்டர். மதிப்பெண்ணைக் குறைத்தேன். அடுத்ததிலும் மைனஸ். வகுப்பில் முதலாவது வருகிற பெண்ணின் தாளிலும் மைனஸ். வகுப்பே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறது என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சில கெட்டிக்காரப் பையன்கள் கடைசி வரியில் மைனஸை மட்டும் சத்தமில்லாமல் அழித்திருந்தார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டு, 'அருமை' என்றும் எழுதினேன்.

மெர்சி என்று ஒரு பெண். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவள். விடைக்குக் கீழே கட்டம் கட்டி எழுதியிருந்தாள்: 'உயரம் மைனஸில் வருவதால் இந்தத் தென்னை கிணற்றுக்குள் கீழ்நோக்கி வளர்ந்துள்ளது. உச்சியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் மன்னிக்கவும் மிஸ்.'

நான் மன்னிக்கவில்லை. ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

பெற்றோர் கூட்டம் வந்தது. மெர்சியின் அம்மா கயிறு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பளிச்சென்று சேலை கட்டிக்கொண்டு, மெர்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏனுங் மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. கெணத்துக்குள்ள தென்னை இருக்குமா இருக்காதான்னு புள்ள சோறு திங்காம ஒரே அழுகைங்க. எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. அவளுக்குக் கொஞ்சம் வெளங்க வெச்சுப்போட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்ங்க."

கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கலாம். நாலாவது வரியில் எனக்கே விளங்கியிருக்கும். ஆனால் புதுப் பாடத்திட்டத்தில் எல்லாவற்றையும் செயல்பாடாகச் செய்து காட்டச் சொல்லியிருந்தார்களே!

"வாங்கம்மா, கண்ணால பாத்துருவோம்" என்று எழுந்தேன். பாகைமானியில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நூலில் ரப்பர் கட்டித் தொங்கவிட்ட எங்கள் கோணமானியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு தென்னை உண்டு. பெற்றோர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். என்ன கூட்டம் என்று பார்க்கத் தலைமையாசிரியரும் வந்தார்.

ஸ்ட்ரா வழியாக உச்சியைப் பார்த்தபடி நான் மரத்தை நோக்கி நடக்க வேண்டியது. நூல் காட்டுகிற கோணத்தைப் பக்கத்தில் வந்து மெர்சி படிக்க வேண்டியது. கோணம் குறையக் குறைய என் மானம் காப்பாற்றப்படும்.

"முப்பதுங்க மிஸ்" என்றாள் மெர்சி. நடந்தேன். "நாப்பதுங்க மிஸ்."

"சரியாப் படி கண்ணு."

"சரியாத்தானுங்க மிஸ் படிக்கிறேன். அம்பதுங்க. கூடிட்டே போவுதுங்க மிஸ்."

என் கழுத்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. கிட்டே போகப் போக அண்ணாந்துதானே பார்க்க வேண்டும்? கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அல்லவா இது? அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். நின்றால் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து தொடர்ந்து நடந்தேன். பின்னால் பெற்றோர்கள் அத்தனை பேரும் அண்ணாந்தபடியே என்னோடு வந்தார்கள்.

"வாங்க மிஸ், வாங்க, நல்லா வாரீங்க" என்று தலைமையாசிரியர் வேறு உற்சாகப்படுத்தினார்.

நங்கென்று நெற்றி மரத்தில் மோதியது. ஸ்ட்ரா மடங்கிவிட்டது.

"தொண்ணூறுங்க மிஸ்" என்றாள் மெர்சி.

யாராவது சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மெர்சியின் அம்மா தன் முந்தானையாலேயே என் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

"பரவால்லீங்க மிஸ். புது சிலபஸ்ஸுங்க, போவப் போவப் பழகிரும்" என்றார்.

அன்று பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சீட்டில் உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன். திங்கட்கிழமை வகுப்பில் உண்மையைச் சொல்லி எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் போட்டேன். மெர்சியின் தாளில் 'மன்னிக்கவும்' என்று நானும் எழுதினேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "ஒத்த வார்த்தைதானுங்களே மாத்துனோம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "அடுத்த வருசம் ஆறாவது எடுத்துக்கறீங்களாங்க மிஸ்? உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வாட்ட இருக்கும்ங்க" என்றார். எங்கள் ஊரில் வேலைக்கு வேட்டு வைப்பதும் இப்படித்தான், வலிக்கவே வலிக்காது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆறாவதில் குறை எண்கள், அதாவது மைனஸ் பாடம் வந்தபோது கரும்பலகையில் கிணறு வரைந்தேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சில வருடம் கழித்துப் பத்தாவது திரும்பி வந்தது. இப்போது வினாத்தாளில் மரம், கோபுரம், விளக்குக் கம்பம் எது வந்தாலும் முதலில் வாசலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதனால் வீட்டில் அந்தக் கதை யாருக்கும் மறப்பதில்லை. காரமடைக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றோரம் நாலைந்து தென்னைகள் இருக்கின்றன. நான் போயிருக்கும்போது நெற்றுத் தேங்காய் விழுந்து கிணற்றில் மிதந்தால் போதும், எத்தனை பேர் விருந்துக்கு வந்திருந்தாலும் சரி, என் மாமியார் அங்கிருந்தே குரல் கொடுப்பார்:

"அம்மணி, உன்ற மரம் காய்ச்சிருக்குது பாரு!"