மேசை டாக்டரின் இருபது கேஸ்கள்

மனசைப் படித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் மனசை அளவெடுத்து, வெட்டி, ஓரம் அடித்து, அப்புறம் சொன்ன தேதிக்குத் தராமல் இழுத்தடித்த ஒரே பெண், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு மேசை டாக்டர்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

தொழிலுக்கு அவர் லேடீஸ் டெய்லர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ப்ளஸ் டூ முடித்த வருடம் அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். காலேஜ் கனவு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து, வீட்டில் ஒருவரையும் கேட்காமல், கவுன்சிலிங், மனநல சிகிச்சை, உளப்பகுப்பாய்வு மூன்றையும் சேர்த்துத் தபாலில் சொல்லித் தரும் ஒரு டிப்ளமோவில் சேர்ந்தார்.

"ஏன்க்கா, மூணுமேவா?" என்று கேட்டேன்.

"டாப்பு, பேன்ட்டு, துப்பட்டா மாதிரி மேடம். செட்டா எடுத்தாதான் நல்லாருக்கும்."

நான் வேலை மாற்றலில் அந்தத் தெருவுக்கு வந்தவள். கணவர் ஹைதராபாத்தில், மகள் ஹாஸ்டலில், நான் ஒரு மாடி போர்ஷனில். மனசில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஜாக்கெட்டில்தான் ஏதாவது குறை இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆல்ட்ரேஷனுக்கு அவர் கடைக்குப் போவேன். அந்த வகையில் எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தேன்.

முதல் பார்சலில் வந்த பாடம்தான் வினை. பேசுகிறவரைப் படுக்க வைக்க வேண்டும், கேட்கிறவர் முகம் தெரியாமல் தலைமாட்டில் உட்கார வேண்டும் என்று எவரோ ஒரு தாடிக்கார டாக்டர் அந்தக் காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறாராம். கடையில் ஆள் படுக்கிற அளவுக்கு இருந்தது கட்டிங் டேபிள் மட்டும்தான். துணியை ஒதுக்கினார், கத்தரிக்கோலை எடுத்து ஷெல்ஃபில் வைத்தார், அளவு கொடுக்க வந்தவர்களை "சும்மா ஒரு பத்து நிமிஷம் படுங்க" என்று மேசையில் ஏற்றினார். தான் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்தபடி "ம்ம்... சொல்லுங்க" என்பார். அன்றிலிருந்து அவர் மேசை டாக்டர்.

முதலில் சிக்கியவர் எதிர்வீட்டு மதாம். காலம்சென்ற கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மதாமுக்கு எழுபது தாண்டியும் பூப்போட்ட கவுன்தான். மேசையில் படுத்து, நெஞ்சில் கைகளைக் கோத்து, கணவரைப் பற்றி நாலு வாக்கியம் பேசினார். ஃபேன் காற்றில் அப்படியே தூங்கிப்போனார். வாடிக்கையாளரின் மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று பாடத்தில் போட்டிருந்ததால் நம் டாக்டர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலைமாட்டில் அசையாமல் இருந்தார். வழியில் போன ஒரு புண்ணியவான் இதை எட்டிப் பார்த்துவிட்டார். கால் மணி நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் சேர் இறங்கிவிட்டது. ஒருவர் ரோஜா மாலையோடு உள்ளே நுழைந்தபோது மதாம் கண் விழித்தார். மாலையைப் பார்த்தார்.

"எனக்கா? மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்தது, வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு மேசையில் ஏறினாள். வாடிக்கையாளர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அந்த வாரத்துப் பாடம்.

"எம் மருமவ என்ன மதிக்கவே மாட்டேங்குறா."

"மருமவ உங்கள மதிக்கலன்னு உங்களுக்குத் தோணுது."

"அதத்தான நானும் சொன்னேன்! நான் சொன்னத எங்கிட்டயே சொல்றதுக்கு நீ எதுக்குடி படிக்கிற?"

திட்டிவிட்டுப் போனவள் மறுநாளும் வந்து படுத்தாள். மேசையில் வெட்டிய பட்டுத்துணி எல்லாம் ஒரு மாதம் வஞ்சிர வாசம் அடித்தது.

இரண்டாம் வருடம்தான் உண்மையான சோதனை. இருபது கேஸ்கள் எழுதிய ரெக்கார்டு நோட்டைச் சனிக்கிழமைக்குள் சமர்ப்பித்தால்தான் ஹால் டிக்கெட். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தவிர பெயரை எங்கேயும் எழுதக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ரகசியத்தை மேசை டாக்டர் உயிராய்க் காத்தார். டெய்லர்களின் ஆர்டர் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயர் இருக்காது, அளவுக்குப் பக்கத்தில் துணியில் ஒரு துண்டு வெட்டிப் பின் பண்ணியிருப்பார்கள். அதே பழக்கத்தில், ஒவ்வொரு கேஸின் தலையிலும் பெயருக்குப் பதில் அந்தந்தப் பெண்ணின் ஜாக்கெட் துணியில் ஒரு துண்டைக் குத்தி வைத்துவிட்டார்.

நோட்டை பைண்டிங்குக்குக் கொடுத்த இடம் முனையில் இருக்கும் கல்பனாவின் ஜெராக்ஸ் கடை. மூன்றாம் பக்கத்தில் கிளிப்பச்சையில் அரக்குக் கரை. கல்பனாவுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அவளுடைய அண்ணி சாந்தி கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய புடவை! கீழே எழுதியிருந்தது: ‘வீட்டில் நாத்தனார் வாயாடி. ஜெராக்ஸ் மெஷின் மாதிரி ஒரே பேச்சை நூறு தடவை பேசுகிறார்.’ நாத்தனார் என்றால் கல்பனாவேதான். மேற்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. வாய் இருந்தது. மத்தியானத்துக்குள் இருபதில் பத்தொன்பது துணியைத் தெரு அடையாளம் கண்டுவிட்டது.

மாலையில் கடை வாசலில் கூட்டம். "எங்க துணியக் குடு. வெட்டுனது வெட்டாதது எல்லாத்தையும் குடு." மேசையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். கையெழுத்தை யார் போடுவார்கள்? நான் போனபோது அவர் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிளிப்பச்சைல அரக்குக் கரைன்னா ஊருக்கே தெரியும்னு எனக்குத் தோணவேயில்ல மேடம். எவ்ளோ நம்பிப் பேசுனாங்க" என்றார். முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்தது எந்தப் பாடத்திலும் இல்லாதது. நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகக் கிழித்தார். வீடு வீடாகப் போய், "தப்பு எம்மேலதான். இது உங்களுது, நீங்களே வச்சிக்குங்க" என்று அவரவர் கையில் அவரவர் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். ஹால் டிக்கெட் போயே போச்சு என்று நினைத்தேன்.

அஞ்சலைக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். தன் பக்கத்தை என்னிடம் நீட்டி, "இன்னா எழுதித் தொலைச்சிருக்கா, படி" என்றாள். படித்தேன். ‘மருமகள் மேல் உண்மையில் கோபம் இல்லை. ஊருக்கெல்லாம் மீன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டால் போதும் என்கிறார்.’

அஞ்சலை பக்கத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். "நானா இவ்ளோ நல்லாப் பேசுனேன்? மீன் விக்கிறத வுட்டுட்டு மேடை ஏறியிருக்கலாம் போலருக்கே" என்றாள். பேனா கேட்டாள்.

சாந்தி தன் பக்கத்தை நேராகக் கல்பனாவின் முகத்துக்கு முன் பிடித்து, அவள் படிக்காமல் விட்ட பாதியைக் காட்டினாள். ‘ஆனால் பிரசவத்தில் தன்னை விட்டு நகராமல் இருந்ததும் அந்த வாயாடிதான் என்கிறார்.’ சாந்தி கையெழுத்துப் போட்டதும் கல்பனா துணித்துண்டைக் கழற்றிவிட்டு அதற்கு லேமினேஷனே போட்டுக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமைக்குள் வந்த பக்கங்கள் பத்தொன்பது. மதாம் தன் பக்கத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதி முத்தம் வைத்திருந்தார். மேசை டாக்டர் மீதிக் கலர் துண்டுகளையும் எடுத்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் வெள்ளை லைனிங் துணியைக் குத்தினார்.

"இப்ப யாரு யாருன்னு சொல்லு பாப்போம்" என்று கல்பனாவிடம் கேட்டதில் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

"ஒண்ணு குறையுதேக்கா, இருபதாவது யாரு?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மேசை டிராயரைத் திறந்து ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினார். மேலே கடுகு மஞ்சள் கைத்தறியில் ஒரு துண்டு. என்னுடையது.

‘பிரச்சனை: சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரியாக இருக்கிற ஜாக்கெட்டையே ஏழு ஞாயிறாகக் கொண்டுவந்து டைட் என்கிறார். ஒவ்வொரு தடவையும் பக்கத் தையலைப் பிரித்து, அதே இடத்தில் மறுபடி தைக்கிறேன். தைத்து முடிக்கிற வரை பேசிக்கொண்டிருப்பார். போகும்போது முகம் நன்றாக இருக்கும். சிகிச்சை தொடர்கிறது.’

கையெழுத்துப் போட்டேன்.

அவர் பாஸ் பண்ணிவிட்டார். கடையில் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். துணி மட்டும் இன்றுவரை சொன்ன தேதிக்குக் கிடைப்பதில்லை. போன ஞாயிறு வெறுங்கையோடு போனேன்.

"ஜாக்கெட்டு எங்க மேடம்?"

"எடுத்துட்டு வரலக்கா. சும்மாதான் வந்தேன்."

அவர் மேசைமேல் கிடந்த துணியை ஒதுக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஊசியில் நூல் கோத்தார்.

"ம்ம்... சொல்லுங்க."