கேசட்டோடு வந்த உருமால்

சூலூர்,
12.10.1997

அந்தியூரில் மாட்டுக்கொட்டகையும் மரியாதையும் குறையாமல் வாழ்ந்துவரும் பெரிய மச்சான் திரு. லட்சுமணசாமி அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் தம்பிதுரை இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், மயிலாத்தாள், பெரியவள் லோகப்பிரியா, இருபத்துநாலு தறிகள் அனைவரும் கரண்ட் இருக்கும் நேரங்களில் நலம். அங்கு தாங்கள், என் அக்காள், மாப்பிள்ளை அருள்குமார், சினையாயிருக்கும் காராம்பசு எல்லோரும் சுகமாயிருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் இன்லண்டு கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மடிப்பைப் பிரிக்கும்போதே கை சுட்டது. சின்னவள் வர்ஷினியைத் தலைமுழுகிவிட்டதாக நான் எழுதித்தர வேண்டும், தை மாதக் கல்யாணத்தில் அவள் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது, இல்லையென்றால் லோகப்பிரியாவுக்கும் அருள்குமாருக்கும் நிச்சயித்ததை மறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து லோகப்பிரியா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மகனைத்தான் கட்டுவேன் என்று பாவாடை கட்டிய காலத்திலிருந்து இருக்கிற பெண். தறி ஓடுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். அதற்காகத்தான் நடந்தது எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். படித்த பிறகு, இதில் என் குற்றம் ஏதும் இல்லை என்று தாங்களே சொல்வீர்கள்.

வர்ஷினி பி.காம். முடித்ததும் மெட்ராஸ் போய்ப் பாப் பாட்டுப் பாடிக் கேசட் போடப்போகிறேன் என்றாள். சரி, ஒரு கேசட் போட்டால் ஆசை தீர்ந்துவிடும் என்று விட்டேன். கேசட்டும் வந்தது. காதல், மழை, நிலா எல்லாம் இருந்தது, கேட்க ஆள்தான் இல்லை. கோயமுத்தூர் முழுக்க நாற்பது போயிற்று, அதில் முப்பத்தெட்டு நம் சொந்தக்காரர்கள். தாங்களும் ஒன்று வாங்கி, அதன் மேலேயே கறவைக் கணக்கைப் பதிவு செய்து வைத்ததாக அக்காள் சொன்னாள். மீதிப் பெட்டிகள் என் நூல் அறையில் அடுக்கிக் கிடந்தன. எலி கூட ஒரு பெட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடவில்லை. பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை மச்சான். பெட்டிகளை எண்ணிவிட்டு, “அப்பா, பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. அதெயப் பத்தி யாரும் சண்டெ போடுலீங்க, அதுதான் கொறெ” என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

ஆடி மாதம் தங்கள் ஊர்க் குதிரைச் சந்தைக்கு அவளும் லோகப்பிரியாவும் வந்து நாலு நாள் தங்கினார்கள் அல்லவா? ஆவணி பிறந்து பார்த்தால் அதே கேசட் புது அட்டையோடு வருகிறது. அட்டையில் ஒரு வெள்ளைக் குதிரை, அதன் மேல் இவள், இவள் தலையில் உருமால்! கல்யாணத்தன்று மணவறையில் பெரியவர்கள் நம் தலையில் சுற்றிவிடுகிற அதே சிவப்புக் கரை உருமால். அதுவும் எவனுடையதோ அல்ல, என்னுடையது. கரையில் மஞ்சள் கறையும் மூலையில் நெருப்புப்பொறி பட்ட ஓட்டையும் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. அது எப்படி அவள் கைக்குப் போனது என்றால், இருபத்தாறு வருஷமாக அது எங்கள் வீட்டு ரேடியோவுக்கும் பிறகு டேப்ரிக்கார்டருக்கும் தூசி படாமல் மூடி வைத்திருந்த துணி. அட்டையின் ஓரத்தில் படம் எடுத்தவருடைய விரல் ஒன்றும் மங்கலாக விழுந்திருக்கிறது. அது யார் விரல் என்ற ஆராய்ச்சிக்குள் நான் இப்போது போகவில்லை.

அடுத்த வாரமே பத்திரிகையில் ஒரு கடிதம். ‘ஆண்மக்களின் மானமாகிய உருமாலைப் பெண்பிள்ளை கட்டிக் குதிரை ஏறுவதா? கொங்கு நாடு தூங்குகிறதா?’ என்று கேட்டு, கீழே ‘மனம் நொந்த ஒரு தந்தை’ என்று போட்டிருந்தது. ஊர் பேர் இல்லை. ஆனால் நல்ல கடிதம், அதை மறுக்க முடியாது. படித்தவன் எவனும் சும்மா இருக்க முடியாதபடி எழுதியிருந்தது. அவ்வளவுதான், டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு எங்கும் இதே பேச்சு. கேட்காதவர்களெல்லாம் அப்படி என்னதான் பாடியிருக்கிறாள் என்று கேசட் தேட ஆரம்பித்தார்கள். நிருபர் ஒருவர் அவளிடமே போய், மன்னிப்புக் கேட்பீர்களா என்று கேட்டார். “கேக்குறனுங்க. மன்னிப்பு அடுத்த கேசட்டுல, ஏ சைடுல மூணாவது பாட்டா வருதுங்க” என்றிருக்கிறாள். எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடேயே நான் அந்தப் பத்திரிகையில் நாலு பிரதி வாங்கினேன்.

இந்தச் சமயத்தில் திருப்பூரிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்து சிவப்புக் கரை உருமால் மூவாயிரம் வேண்டும், அவசரம் என்றார். ஏதோ பெரிய கோயில் நோம்பி போலிருக்கிறது என்று நானும் பக்தியோடு இருபத்துநாலு தறியையும் அதற்கே விட்டேன். தறியில் பாவு நூல் ஏற்றும் அன்று மயிலாத்தாள் சூடம் கூடக் காட்டினாள். நெய்து அனுப்பி ஒரு வாரம் கழித்துக் காந்திபுரம் போனால், கேசட் கடை வாசலில் ‘கேசட் வாங்கினால் உருமால் இலவசம்’ என்று தட்டி தொங்குகிறது! என் தறியில் நெய்த என் உருமால், பின்பக்க ஓரத்தில் ‘வர்ஷினி’ என்று அச்சுக் குத்தி, பிளாஸ்டிக் உறையில். உறை மேல் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? ‘எச்சரிக்கை: பெண்கள் கட்டக் கூடாது.’ அதைப் பார்த்துவிட்டுக் காலேஜ் பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு வாங்கிப் போகிறார்கள். நான் முப்பது வருஷமாகத் துண்டு விற்கிறவன் மச்சான். சாயம் போகாது, நூல் பிரியாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சித்தான் விற்றிருக்கிறேன். கட்டாதே என்று சொல்லி விற்கலாம் என்பது என் புத்தியில் ஒரு நாளும் தோன்றியதில்லை. இதை மெச்சி எழுதுவதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவே.

பிறகு வந்தது போராட்டம். எங்கள் தெற்கு வீதி நூல்கடைக் கோவிந்தராஜுலு தலைமையில் உருமால் மானம் காக்கும் பேரவை என்று ஒன்று கிளம்பி, இருபது பெரியவர்கள் முதலில் என் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வரிசையாக விட்டு உள்ளே வந்து, “ஏனுங்க தம்பிதுரை, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களெச் சித்தெ திட்டிப்போட்டுப் போலாம்னு வந்தமுங்க” என்றார் கோவிந்தராஜுலு. “அதுக்கென்னுங்க, உக்காந்து திட்டுங்க” என்று பாய் விரித்தேன். மயிலாத்தாள் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். தட்டு வந்தது, காப்பி வந்தது, வாயில் கச்சாயத்தை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது என்று எல்லோரும் சங்கடப்பட்டார்கள். கடைசியில், அடுத்த ஞாயிறு காந்திபுரம் கேசட் கடை முன்னால் முந்நூறு பேர் தலையில் உருமாலோடு திரண்டு நின்று கேசட்டைக் கொளுத்துவது, உருமால் ஆம்பிளைக்கே என்று உலகுக்குக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டு, திட்டினதாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதில்தான் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேரும் வேனிலும் பஸ்சிலும் வந்து இறங்கினார்கள். ஒருவர் தலையிலும் உருமால் இல்லை. மானத்தைக் காக்க வந்தவர்கள் வீட்டில் மானத்தைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. ஒருவருடையதில் பேரனுக்குத் தூளி கட்டியிருந்ததாம், ஒருவருடையது டிராக்டர் துடைக்கப் போய்விட்டதாம். கோவிந்தராஜுலுவுடையதை எங்கே வைத்தார்கள் என்று அவர் வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. தாங்கள் கோபிக்கக் கூடாது, தங்களுடையதில் என் அக்காள் கொள்ளு முடிந்து பரண் மேல் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெறுந்தலையோடு உருமால் போராட்டம் நடத்த முடியுமா? சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவசரத்துக்கு உருமால் கிடைக்கிற இடம் கோயமுத்தூரிலேயே ஒன்றுதான் இருந்தது, அது எதிரே இருந்தது. கேசட் வாங்கினால்தான் உருமால் தருவேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். முந்நூறு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கேசட் வாங்கினார்கள் மச்சான். நான் எதிர் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

வாங்கியாயிற்று, கட்டத் தெரிய வேண்டுமே? கல்யாணத்தில் யாரோ கட்டிவிட்டது. ஒருவர் சுற்றினால் காதை மூடுகிறது, இன்னொருவர் சுற்றினால் கண்ணை மூடுகிறது. கோவிந்தராஜுலு சுற்றியது பல்வலிக்காரர் கட்டு மாதிரி தாடையோடு சேர்ந்துகொண்டது. அப்போது கடைக்குள்ளிருந்து வர்ஷினி வெளியே வந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. எவனாவது கை ஓங்கினால் ஓடிப்போய்க் குறுக்கே விழுவது என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் நேராகக் கோவிந்தராஜுலு முன்னால் போய்க் கும்பிட்டு, “மாமா, தலெயச் சித்தெக் குனிங்க” என்றாள். அந்த மனிதரும் குனிந்துவிட்டார். கரை நெற்றிக்கு மேல் வரும்படி வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, குஞ்சம் காதோரம் விழும்படி அரை நிமிஷத்தில் கட்டினாள். நம் சொந்தத்துக் கல்யாண வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகினாளாம். அந்த மொத்தக் கூட்டத்தில் உருமால் கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “அப்படியே எனக்கும் ஒண்ணு அம்மிணி” என்று அடுத்தவர் தலையை நீட்டினார். பிறகு வரிசை. முந்நூறு தலை! கை கடுத்திருக்கும், முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், என்ன வெள்ளாமை என்று விசாரித்துக்கொண்டே கட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கட்டி முடித்ததும், “பெரியவங்க இனிக் கொளுத்துங்க” என்று ஒதுங்கி நின்றாள். தீப்பெட்டியை எடுத்த கோவிந்தராஜுலு கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காசு குடுத்து வாங்குனதெ எதுக்குங்க கொளுத்தோணும்? அட்டெயெ மட்டும் கொளுத்துவமுங்க” என்றார் ஒருவர். அதிலும் குதிரை நன்றாயிருக்கிறது என்று பலர் அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதால், கடைசியில் எரிந்தது பிளாஸ்டிக் உறைகள்தான். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம். போட்டோக்காரர் பின்னாலிருந்து எடுத்துவிட்டார். முந்நூறு பெரியவர்களின் பின்தலையில் ‘வர்ஷினி, வர்ஷினி, வர்ஷினி’ என்று ஓரம் பூராவும் தெரிகிறது. அந்த வாரமே நூல் அறைப் பெட்டிகள் காலி. என் தறிகளுக்கு அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது.

ஆனால் மச்சான், இதிலெல்லாம் மயங்குகிற ஆள் நான் அல்ல. குடும்ப கௌரவம் வேறு, கேசட் வேறு. தாங்கள் கேட்டபடியே இதனால் எழுதித் தருகிறேன்: வர்ஷினியை நான் தலைமுழுகிவிட்டேன். தைக் கல்யாணத்துக்கு அவள் வர மாட்டாள். அவள் பேரைக் கல்யாணப் பத்திரிகையில் கூடப் போட மாட்டேன். லோகப்பிரியாவைத் தங்கள் மருமகளாக ஏற்றுக்கொண்டு இந்த மைத்துனனின் தலையைக் காப்பாற்ற வேண்டுகிறேன். அக்காளுக்கு என் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசிகள், காராம்பசு கிடாரிக் கன்றாக ஈன்று கொட்டகை நிறைய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத,
தம்பிதுரை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மெட்ராஸிலிருந்து வர்ஷினியின் போன் வந்தது. மறைக்க மனமில்லாமல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “நான் வருலீங்கப்பா. அக்கா கண்ணாலம் நல்லபடியா நடக்கட்டும். உங்க உருமாலெத் தொவச்சு மடிச்சுப் பார்சல்ல அனுப்பிப்போடறேன்” என்று வைத்துவிட்டாள். முந்நூறு பேருக்கு முன்னால் அழாத பிள்ளை, மச்சான். போனில் மூக்கை உறிஞ்சியது கேட்டது. மயிலாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆகவே மேலே எழுதிய வாக்குறுதி முழுவதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும்.

இப்போது தாங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். தயவுசெய்து கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள், ஒரு பத்து நாளைக்கு மட்டும். பொங்கலுக்கு அவளுடைய அடுத்த கேசட் வருகிறது, அதற்கும் ஒரு சண்டை வேண்டும். ‘உருமால் கட்டிய பெண்ணின் வீட்டில் சம்பந்தம் செய்யோம்’ என்று தாங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும். ‘என் சின்ன மகள் வராமல் என் பெரிய மகளுக்குக் கல்யாணம் இல்லை’ என்று நான் பதில் எழுதுவேன். பதினோராம் நாள் சமாதானம் ஆகிவிடலாம். மணவறையில் என் தலைக்கும் தங்கள் தலைக்கும் அவள்தான் கட்ட வேண்டும். தாங்களும் நானும் கட்டிக்கொள்ளத் தெரியாதவர்கள்தானே. லோகப்பிரியாவிடம் சொன்னேன், இன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

தங்களுக்கு எழுதி வழக்கமில்லை என்பதால் வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பழக்கம்தான், அந்த மனம் நொந்த தந்தையும் நானே. சம்மதமில்லை என்றால் கேசட் அட்டையின் ஓரத்தில் இருக்கிற விரலை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும். அதிலுள்ள பச்சைக்கல் மோதிரம் நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு நாங்கள் போட்டது. கையெழுத்து மட்டும் தங்களுடையது. கொஞ்சம் கோபமாகப் போடவும்.