நரம்பு இல்லை, நாண்

இந்த ஞாயிற்றுக்கிழமை உயிரே போனாலும் மச்சான் வீட்டுப் பீரோவைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் குடிபோகும் புது வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. பீரோ இரும்பு. மச்சான் மனசும் அதேதான்.

சாதாரணக் கால்வலி என் மனைவியிடம் செல்லாது. "தைலம் தேய்ச்சுக்கிட்டுக் கிளம்புங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவாள். ஆனால் நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அந்த வாரம் என் மேஜையில் உடற்கூற்றியல் பாடப்புத்தகம். அதிலிருந்து கனமான வார்த்தையாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"குதிகால் தசைநாண் பிசகிடுச்சு."

"அப்படின்னா?"

"கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போட சேர்த்துக் கட்டியிருக்கிற நாண். பத்து நாளைக்குப் பாரமே தூக்கக் கூடாது."

"ஐயையோ, முதல்ல படுங்க!"

காலுக்குத் தலையணை வந்தது. காபி வந்தது. இருபது வருஷத்தில் முதல் முறையாக அவளிடம் ஜெயித்திருக்கிறேன். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவருக்குக் கால்ல நரம்பு பிசகிடுச்சு."

"நரம்பு இல்ல, நாண்," என்றேன்.

ஊரில் எல்லாமே நரம்புதான். ரத்தக்குழாய் புடைத்தால் நரம்பு, தசை பிடித்துக்கொண்டால் நரம்பு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏதோ நாணாம் அண்ணா. முட்டிக்கு மேல இருக்குமாம்."

"முட்டி இல்லடி! குதிகால்!"

"குதிகாலுக்கு அடியிலயாம் அண்ணா. உட்காரும்போது வேலை செய்யற நரம்பாம்."

ஒரே மூச்சில் மூன்று பிழை. பேசாமல் படுத்திருக்கலாம். பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. கட்டிலிலிருந்து குதித்தேன்.

"எல்லாம் தப்பு! இங்க பாரு. இது பின்பக்கம். இப்படி எம்பி நிக்கும்போதுதான் வேலை செய்யும்!"

குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்று, நாலு தரம் எம்பிக் காட்டினேன்.

"எந்தக் காலுங்க?"

"ரெண்டு காலும்தான்! தொட்டுப் பாரேன், எவ்வளவு கெட்டியா இருக்குன்னு!"

அவள் குனிந்து பொறுமையாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமாங்க, ரொம்பக் கெட்டியாத்தான் இருக்கு. அண்ணா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா," என்றது போன். "மாப்ள, பீரோவுல கனமான பக்கம் உங்களுக்கு."